கையுறையில் ஒரு கறுப்புத் தையல்

அந்தக் காட்சியை வெட்டச் சொன்னவன் நான்தான். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் பக்கம் பக்கமாகச் சுற்றி வளைத்து, கடைசியில் சொல்லாமலே முடித்துவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு. பதினாலு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஆங்கிலப் படங்கள், அதிலும் விண்வெளிக்குப் போகிற படங்கள் என்றால் எனக்குப் பைத்தியம். ஊரில் என்னைப் போல இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் மருந்துக் கடைக்காரர். ஒருவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். மூன்றாமவர் பஸ் நடத்துநர். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக்காரர், வேலைக்காக எங்கள் ஊரில் குடியேறியவர். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நான் மாதா கோவிலிலிருந்து நேராக பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போவேன். மற்ற மூவரும் அங்கே வந்திருப்பார்கள். பதினொரு மணி வரைக்கும் பேச்சு.

பேச்சு பெரும்பாலும் சண்டைதான். ஒரே படத்தை நால்வரும் பார்த்திருப்போம். ஆனால் ஒரே படமாகப் பார்த்திருக்க மாட்டோம். மதுரையில் ஓடியபோது இருந்த காட்சி இங்கே வரும்போது இருக்காது. இங்கே இருந்தது நத்தத்துக்குப் போகும்போது காணாமல் போயிருக்கும். அப்போது தியேட்டர்களில் அது சாதாரணம். படம் நீளமாக இருந்தால் ஆபரேட்டர் அங்கங்கே வெட்டி, சுருட்டித் தனியாக வைத்துக்கொள்வார். ஓட்டம் முடிந்து பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது மறுபடி ஒட்டிவிட வேண்டும். ஒட்டுகிறவர்களும் உண்டு, மறந்துவிடுகிறவர்களும் உண்டு. அதனால் யார் எதைப் பார்த்தார்கள், எது உண்மையில் படத்தில் இருந்தது என்பதே எங்களுக்கு ஓயாத வழக்கு. வழக்கில் தீர்ப்புச் சொல்லுகிற இடத்தில் நான் இருந்தேன். ஆங்கிலம் தெரியும், விஞ்ஞானம் தெரியும், எல்லாப் படத்தையும் முதல் நாளே பார்த்துவிடுவேன். படத்தை வெட்டுகிறவனும் நூலகப் புத்தகத்தில் பக்கத்தைக் கிழிக்கிறவனும் ஒன்று என்று அடிக்கடி சொல்வேன். மருந்துக் கடைக்காரர் அதைக் கேட்டுக் கேட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே முழுதாகச் சொல்லிக் காட்டுவார்.

அந்தப் படம் எங்கள் ஊருக்கு வந்தபோது அது எடுக்கப்பட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பழைய பிரதி, கீறல் விழுந்தது. பூமியை விட்டு வெகுதூரம் போய்விட்ட ஒரு கப்பல். அதில் ஐந்து பேர். ஒவ்வொருவராக இறந்துபோக, கடைசியில் ஒரு பெண் பொறியாளர் மட்டும் மிஞ்சுகிறாள். கப்பலின் வெளிப்பக்கத்தில் ஏதோ உடைந்திருக்கிறது. அவள் வெளியே போய்ச் சரிசெய்தால்தான் வீடு திரும்பலாம். அவளுடைய உடையில் ஒரு கையுறை கிழிந்திருக்கிறது. அவள் உட்கார்ந்து ஊசியும் கறுப்பு நூலும் எடுத்து அதைத் தைக்கிறாள். தைத்து முடித்து, தையல் மேல் ஏதோ பசையைத் தடவி, ஊதி ஊதிக் காயவைக்கிறாள். பேச்சு இல்லை, இசை இல்லை. இரண்டரை நிமிடம் அதுதான். பிறகு எழுந்து, உடையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலக் காட்சிக்கு நான் போயிருந்தேன். படம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவள் வீடு திரும்பினாளா இல்லையா என்று தெரியாமலே, மேனேஜரைத் திட்டிக்கொண்டு ஓடினார்கள்.

மறுநாள் காலையில் மேனேஜர் எனக்கு ஆள் அனுப்பினார். எப்படியாவது ஐந்து நிமிடம் குறைக்க வேண்டுமாம். இங்கிலீஷ் படம் ஆனதால் எங்கே கை வைப்பது என்று அவருக்கும் ஆபரேட்டருக்கும் தெரியவில்லையாம். "நீங்க படிச்சவுக. கத கெடாம எங்கன வெட்டலாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க சார்" என்றார்.

மறுத்திருக்கலாம். புத்தகத்தில் பக்கத்தைக் கிழிக்கிறவன் கதையை அவரிடமும் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. மேலே ஆபரேட்டர் அறைக்குள் போகலாம் என்பது மட்டும்தான் தோன்றியது. அத்தனை வருடம் கீழே உட்கார்ந்து, தலைக்கு மேல் போகும் வெளிச்சத்தை மட்டும் பார்த்தவன் நான். படிகளில் எப்படி ஏறினேன் என்பதுகூட நினைவிருக்கிறது, இரண்டு இரண்டாக. ஆபரேட்டர் ரீலைச் சுற்றிக் காட்ட, நான் பிலிமைப் பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். தொடக்கத்தில் வரும் பெயர்களில் பாதியை எடுக்கச் சொன்னேன். அது போதவில்லை. இன்னும் இரண்டரை நிமிடம் வேண்டும்.

தையல் காட்சியைக் காட்டினேன்.

ஆபரேட்டர் கொஞ்சம் தயங்கினார். "இது நல்லாருக்கே சார். நேத்து சனம் மூச்சுக் காட்டாமப் பாத்துச்சு" என்றார்.

கதைக்கு இது தேவையில்லை, ஒரு பொம்பளை உட்கார்ந்து துணி தைக்கிறாள், அவ்வளவுதான் என்று சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் கத்தரியை எடுத்தார்.

பத்து நாள் ஓடியது. கடைசி நாள் பெட்டியை நத்தத்துக்கு அனுப்ப அவசரம். வெட்டியதை ஒட்ட ஆபரேட்டர் மறந்துவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூட வாசலுக்கே வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு சுருளை என் கையில் கொடுத்தார். முதலாளி கண்ணில் பட்டால் வேலை போய்விடும், தூக்கிப்போட மனசு வரவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, பீரோவின் மேல், பழைய பாடப்புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன். படம் அந்தத் துண்டு இல்லாமலே நத்தம், ஒட்டன்சத்திரம், பழனி என்று சுற்றியது.

நடத்துநருக்கு வெள்ளிக்கிழமை வார ஓய்வு. முதல் நாள் மத்தியானக் காட்சிக்கே மனைவியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்த அம்மாள் பார்த்த முதல் ஆங்கிலப் படம் அது. இந்த விவரம் எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். கை வேலை அத்தனை சுத்தம். ஆனால் இடதுகைக்காரர். துணி வெட்டுவது, ஊசி கோப்பது, ஹூக் வைப்பது எல்லாம் இடது கைதான். முகூர்த்தத் துணியை நொட்டாங்கையால் வெட்டக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. தேவாலயத்துக்குப் போகிற எங்கள் ஆட்களிடமும் உண்டு. கல்யாணத் துணியோடு வருகிறவர்கள் அவர் கத்தரியை எடுக்கிற கையைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று துணியை மடித்துக்கொண்டு போவார்கள். மாமியாரின் ஏச்சு வேறு ஒரு பக்கம். படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தத் தையல் காட்சி வந்ததும், அவர் கணவரின் தொடையில் கிள்ளியிருக்கிறார். கணவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பார்த்தாராம், திரையில் தைக்கிறவள் ஊசியைப் பிடித்திருந்தது இடது கையில்.

அதிலிருந்து அந்த அம்மாள் யாராவது கையைப் பார்த்து முகம் சுளித்தால், ஆகாசத்துக்குப் போன ஒருத்தியே நொட்டாங்கையால் தைத்து அதை மாட்டிக்கொண்டுதான் உயிரோடு வீடு வந்து சேர்ந்தாள், நான் தைத்தால் என்ன என்று கேட்பாராம். சிரித்துக்கொண்டு துணியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்களாம். நடத்துநர் இதையெல்லாம் டீக்கடையில் அத்தனை சந்தோஷமாகச் சொன்னார்.

மருந்துக் கடைக்காரர் படத்தைப் பார்த்தது இரண்டாவது வாரத்தில். ஸ்டுடியோக்காரர் ஒரு கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கப் போன இடத்தில், நத்தத்தில் பார்த்திருந்தார். இருவரும் அப்படி ஒரு காட்சியே கிடையாது என்றார்கள்.

"யோவ் கண்டக்டரே, ராக்கெட்டுக்குள்ள தையல் மிஷினும் வச்சிருந்தாகளா? காஜா எடுத்தாளா, ஓரம் அடிச்சாளா?" என்றார் மருந்துக் கடைக்காரர். டீ மாஸ்டர்கூடச் சிரித்தார்.

நடத்துநரும் சேர்ந்து சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சார், நீங்களும் மொத நாளே பாத்தீங்கல்லங்க. சொல்லுங்க. இருந்துச்சுங்களா, இல்லீங்களா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இருந்தது என்று சொன்னால் பிறகு எங்கே போயிற்று என்று கேட்பார்கள். யார் வெட்டச் சொன்னது என்று கேட்பார்கள். பக்கத்தைக் கிழிக்கிறவன் கதையை மருந்துக் கடைக்காரர் எனக்கே சொல்லிக் காட்டுவார். இத்தனையும் ஒரு மடக்கு டீ குடிக்கிற நேரத்தில் மனதில் ஓடியது.

"அப்பிடி ஒண்ணும் இல்லியே" என்றேன்.

அவர் விடவில்லை. அடுத்த மாதம் படம் ஒட்டன்சத்திரத்தில் ஓடியபோது, சொந்த ஊருக்குப் போன சாக்கில் மறுபடி பார்த்துவிட்டு வந்தார். காட்சி இல்லை, யாரோ வெட்டிவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு சாட்சி கொண்டுவந்திருந்தார். கடைசியில் அவள் வெளியே போய்க் கப்பலின் பிடியைப் பற்றும்போது கை பெரிதாகத் தெரியும். அந்தக் கையுறையில் ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது, எட்டுப் பத்துத் தையல் எண்ணலாம். கிழிசலை யாரும் தைக்கவில்லை என்றால் நூல் எங்கிருந்து வந்தது?

ஸ்டுடியோக்காரர் யோசித்தார். அவருக்கும் அந்தக் கோடு நினைவிருந்தது. வெட்டியிருக்கலாம் என்று இழுத்தார். அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருந்தாலே போதும். வழக்கு நடத்துநர் பக்கம் சாய்ந்திருக்கும். நான் சும்மா இருக்கவில்லை. வகுப்பில் பேசுவது போலப் பேசினேன். விண்வெளியில் காற்று இல்லை, உடைக்குள்ளே அழுத்தம் இருக்கிறது, ஊசி நுழைந்த துளை வழியாகக் காற்றெல்லாம் வெளியேறிவிடும், படம் எடுத்தவர்கள் விஞ்ஞானிகளைக் கேட்டுத்தான் எடுப்பார்கள், அந்தக் கோடு வெப்பத்தைத் தடுக்க வைத்த இழை என்று சொன்னேன். தையல் மேல் அவள் பசை தடவியது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் சொன்னேன். முதல் பொய் பயத்தில் வந்தது. இரண்டாவது பொய்க்கு என் படிப்பைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அதைத்தான் என்னால் இன்று வரை சகிக்க முடியவில்லை.

நடத்துநர் மெதுவாகத் தலையாட்டினார். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். அன்றிலிருந்து அவருக்குத் தையல் மிஷின் என்று பெயர். அவர் பஸ் கடையைத் தாண்டிப் போகும்போது மருந்துக் கடைக்காரர் கையைத் தூக்கி மிஷின் ஓட்டுவது போலக் காட்டுவார். அவர் படியில் நின்றபடி சிரித்துக்கொண்டே விசில் ஊதுவார். நான்கு பேரில் யாருக்கும் யார் மீதும் பகை கிடையாது. அதனால்தான் அது அத்தனை காலம் நடந்தது.

இரண்டு மூன்று வருடம் கழித்து என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஜாக்கெட் எல்லாம் அந்த அம்மாளிடமே தைக்கலாம் என்று என் மனைவியோடு நானும் போனேன். முன்பு ஒரு முறை போனபோது மிஷின் தெருவைப் பார்த்த ஜன்னலோரத்தில் இருந்தது, நல்ல வெளிச்சம். இப்போது அதை உள்ளே நகர்த்தி, நடுவில் ஒரு பூப்போட்ட திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அளவு எடுப்பது திரைக்கு வெளியே. வெட்டுவதும் தைப்பதும் உள்ளே, விளக்கைப் போட்டுக்கொண்டு. கண்ணுக்குக் கெடுதலாயிற்றே என்று என் மனைவி கேட்டாள்.

"கலியாணத் துணிங்களா, பாக்கறவங்களுக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருதுங்க" என்றார் அந்த அம்மாள். "முன்னெல்லாம் ஒரு படத்தச் சொல்லி வாயடைப்பனுங்க. அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு சார் சொன்னாருன்னு இவரு வந்து சொன்னாருங்க. இல்லாததச் சொல்லி எப்படிங்க தொழில் பண்றது?"

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். குரலில் குற்றம் எதுவும் இல்லை. தான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு படித்தவர் திருத்திவிட்டார் என்கிற மாதிரி, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். தன் கண்ணால் பார்த்ததை விட என் வாயால் வந்ததை நம்பியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பீரோ மேலிருந்து டப்பாவை எடுத்தேன். திறக்காமல் மறுபடி வைத்துவிட்டேன். கல்யாணம் முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாணம் முடிந்தது. அந்த ஜாக்கெட்டுகளை எல்லோரும் புகழ்ந்தார்கள். வருடா வருடம் ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போடுவேன். கோபப்பட்டது, பொறாமைப்பட்டது எல்லாம் சொல்வேன். இதை மட்டும் சொன்னதில்லை. சாமியாருக்கு இது விளங்காது, சினிமா சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் இறுதியில் அதே படம் புதுசாக வந்தது. எடுத்தவர்களே பழைய காட்சிகளில் கம்ப்யூட்டரை வைத்து வண்ணத்தைக் கூட்டி, வேகத்துக்காக அந்தத் தையல் காட்சி உட்பட நிறைய இடங்களைக் குறைத்து, கப்பல்களைப் பெரிதாக்கியிருந்தார்கள். தமிழில் வேறு பேசியது. நான்கு பேரும் சேர்ந்தே போய்ப் பார்த்தோம். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒரே யுத்தம். மருந்துக் கடைக்காரருக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. பழைய மாத்திரைக்குப் புது அட்டை போட்டால் தப்பா என்று கேட்டார். ஸ்டுடியோக்காரர் கொதித்துப் போனார். செத்துப்போனவர் போட்டோவுக்கு மீசை வரைந்து கொடுக்கச் சொல்லி ஒரு குடும்பம் வந்தது, முடியாது என்று அனுப்பினேன், இவர்கள் என்னடா என்றால் தாங்கள் எடுத்த படத்துக்கே மீசை வரைகிறார்கள் என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு முறை மக்கள் பார்த்துவிட்ட படத்தில் கை வைக்க எடுத்தவனுக்கே உரிமை கிடையாது என்று நீளமாகப் பேசினேன். பேசும்போது பீரோ மேலிருந்த டப்பா என் கண் முன்னால் நின்றது. நின்றும் பேசினேன்.

நடத்துநர் அந்தச் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். "கையுறையவும் புதுசா மாத்திட்டாங்க சார். அந்தக் கறுப்பு நூலும் இல்லீங்க."

அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. சர்க்கரை வியாதியில் கண் மங்கிக்கொண்டே வந்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பதில் தடுமாறி, பணிக்காலம் முடிவதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டார். நானும் ஓய்வு பெற்றேன். டீக்கடைக்கு அவரை யாராவது கையைப் பிடித்து அழைத்துவர வேண்டியிருந்தது. பெரும்பாலும் அது நான்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, டிவிடி வந்த காலத்தில், ஸ்டுடியோக்காரர் புதுசாக வந்த அந்தப் படத்தின் டிவிடி ஒன்றை வாங்கிவிட்டார். அதில் நீக்கப்பட்ட காட்சிகள் என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது, ஆறு காட்சி இருக்கிறது என்று கடைக்கே வந்து அறிவித்தார். நடத்துநரின் முகம் அப்போது எப்படி மாறியது என்பதை நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவில் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. வழக்கமாக எங்கள் கூட்டத்துக்கு வராத அவர் மனைவியும் வந்தார். நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

நடத்துநரை டிவிக்கு அருகிலேயே உட்காரவைத்தோம். அப்படியும் அவருக்கு நிழலாட்டம்தான் தெரியும். ஒவ்வொரு காட்சி தொடங்கும்போதும் மனைவி பக்கம் சாய்ந்து, "இதுங்களா?" என்றார். அவர் மனைவியிடம் அப்படி மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் முன்னால் அந்த அம்மாளுக்கு ஒரு கௌரவம் வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இல்லீங்க என்பார். ஆறு முறை கேட்டார். ஆறு முறையும் இல்லீங்க. திரை கறுப்பானது.

"நாம வேற எதுலயாச்சும் பாத்திருப்பமுங்க" என்றார் அந்த அம்மாள், கணவரின் கையைத் தட்டி.

நடத்துநர், நாங்கள் மூவரும் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமல், பொதுவாக முன்னால் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனை வருடம் இல்லாத ஒன்றைச் சொல்லி எல்லோருடைய நேரத்தையும் கெடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். மருந்துக் கடைக்காரர்கூட அன்று கேலி எதுவும் செய்யவில்லை. அட விடுங்க கண்டக்டரே என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துவைத்தது எதுவும் உதவவில்லை. நாற்காலியில் உட்காராமலே சொன்னேன்.

"நேத்து நீங்க மன்னிப்புக் கேட்டீங்க. கேக்க வேண்டியவன் நான். அந்தக் காட்சி இருந்துச்சு. நாந்தான் அத வெட்டச் சொன்னேன். வெட்டுன துண்டு என் வீட்டுலதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் இல்லைன்னு சொன்னேன்."

டப்பாவைத் திறந்தபோது புளித்த காடி வாசனை அறை முழுவதும் அடித்தது. பழைய பிலிம் கெட்டுப்போகிறபோது வருகிற வாசனை. நடத்துநர் கையை நீட்டினார். சுருளை அவர் மடியில் வைத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார், ஓரத்துத் துளைகளை விரலால் எண்ணுவது போல. பிறகு நுனியைப் பிரித்து மனைவி இருந்த திசையில் நீட்டினார். "பாரு" என்றார்.

அந்த அம்மாள் ஜன்னலுக்குப் போனார். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிலிமை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நிறமெல்லாம் போய் எல்லாம் ஒரே செந்நிறமாகியிருந்தது. ஆனாலும் உருவம் தெரிந்தது.

"பொம்பளதானுங்க. தைக்கறா" என்றார். குரல் உயர்ந்தது. பிறகு இறங்கியது. "ஆனா இது வலது கைங்களே."

நடத்துநர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு ஆபரேட்டர் அறையில் பார்த்தது நினைவுக்கு வந்தது. பிலிமுக்கு இரண்டு பக்கம். தப்பான பக்கமிருந்து பார்த்தால் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகும். அவள் தோளில் ஓர் எண் இருக்கும், பாருங்கள் என்றேன்.

"ஏழுங்க. திரும்பிக் கெடக்குது."

டேப்பில் தினமும் ஏழைப் பார்க்கிறவர். நான் சொல்வதற்கு முன்பே அவராகவே பிலிமைத் திருப்பிவிட்டார். நெடுநேரம் பார்த்தார். ஒவ்வொரு படமாக விரலால் கீழே இழுத்து இழுத்துப் பார்த்தார். வெளியே தெருவில் கீரைக்காரர் கூவிக்கொண்டு போனார்.

"எந்தக் கைம்மா?" என்று கேட்டார் நடத்துநர்.

அந்த அம்மாள் வந்து கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இடது கையை அவர் கைக்குள் வைத்தார்.

நான் போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் நின்றேன். நடத்துநர்தான் பேசினார். எதற்காக வெட்டினீர்கள் என்று கேட்டார். கடைசி பஸ்ஸுக்காக, ஐந்து நிமிடம் குறைக்க வேண்டியிருந்தது என்றேன்.

"ஆத்தூர்ப் பக்கம் போற கடைசி வண்டிங்களா?"

"ஆமா."

"அது என் வண்டிங்க சார்." கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒரு சின்னக் கணக்கு விட்டுப்போன மாதிரி நெற்றியைச் சுருக்கினார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அஞ்சு நிமிசம் நிறுத்தி வெச்சிருப்பனுங்களே. கொட்டகைச் சனத்துக்கு எத்தனையோ நாள் நிறுத்தியிருக்கறனுங்க."

எனக்கு அது தெரியும். அவர்தான் அந்த வண்டியில் போகிறார் என்றும் தெரியும், டிரைவரிடம் சொல்லிப் படம் விடும் வரை நிறுத்திவைப்பார் என்றும் தெரியும். வாரா வாரம் கூட உட்கார்ந்து டீ குடிக்கிறவர். அந்தச் சனிக்கிழமை அவரைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலே போகும் படி மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

நான் கிளம்பும்போது நடத்துநர், இதை ஞாயிற்றுக்கிழமை கடையில் வைத்துச் சொல்லுங்கள் சார் என்றார். அவ்வளவுதான் கேட்டார். சொன்னேன். டப்பாவைக் கொண்டுபோய் மேஜையில் வைத்து, மேனேஜர் ஆள் அனுப்பியதிலிருந்து எல்லாவற்றையும், அந்தக் காற்றழுத்தப் பிரசங்கம் உட்பட, சொன்னேன். ஸ்டுடியோக்காரர் பிலிமைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்க்காமலே டப்பாவை மூடினார். மருந்துக் கடைக்காரர் நெடுநேரம் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்யா தையல் மிஷினு," என்றார் கடைசியில், "பதினாலு வருசம் நான் பேசுன பேச்சுக்கு என்னிய ஒரு தடவையாச்சும் அடிச்சிருக்கலாம்ல."

நடத்துநர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என்னை யாரும் திட்டவில்லை. பக்கத்தைக் கிழிக்கிறவன் கதையை யாரும் எடுக்கவில்லை. அடுத்த சில ஞாயிறுகள் கூட்டம் கூடவில்லை. பிறகு கூடியது, பழையபடி இல்லை.

சில மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது அந்தப் பூப்போட்ட திரை அப்படியே இருந்தது. இன்னும் எதற்கு என்று கேட்டேன். பழகிப்போயிற்று, வெயிலுக்கும் ஆகிறது என்றார் அந்த அம்மாள். இத்தனை வருடம் விளக்கு வெளிச்சத்திலேயே தைத்ததில் இப்போது ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதாம்.

ஆனால் துணியோடு யாராவது வந்தால் நடத்துநர் சும்மா இருப்பதில்லை. தடவித் தடவி அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துவருகிறார். ஆகாசத்துக்குப் போன ஒருத்தியின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறார். வருகிறவர்கள் பாதி கேட்பார்கள், பாதி டப்பாவின் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் அங்கே இருந்தால், என் பக்கம் என்று அவர் நினைக்கிற பக்கம் திரும்பி, "ஏனுங்க சார், இருந்துச்சுங்களா, இல்லீங்களா?" என்கிறார்.

இருந்தது என்று சொல்கிறேன். ஒவ்வொரு முறையும், எழுந்து நின்று சொல்கிறேன்.